ஒரு மூட்டை சர்க்கரையும் இரண்டு நாடுகளும்: இருதரப்புச் சரக்கு வணிகம் ஓர் அறிமுகம்

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் கேக் செய்கிறவர்கள் மஸ்கொவாடோ என்ற சர்க்கரையைத் தேடி வாங்குவார்கள். கறுப்பை எட்டிவிட்ட பழுப்பு நிறம், கையில் ஒட்டும் ஈரம், வெல்லப்பாகு வாசனை. நம் நாட்டுச் சர்க்கரைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் பலவற்றில் ‘மொரீசியஸ்’ என்று அச்சாகியிருக்கும்.

மொரீசியஸ் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கரையும் தாண்டி இருக்கும் தீவு. பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் சின்ன நாடு. அதன் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த எழுத்து அங்கே போய்ச் சேர்ந்ததற்கும் இந்தச் சர்க்கரைக்கும் நேரான தொடர்பு உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘இரு நாடுகளுக்கிடையே இத்தனை கோடிக்கு வணிகம்’ என்று செய்தியில் அடிக்கடி ஒரு தொகை வருகிறது. அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது, யார் எண்ணுகிறார்கள், எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது? மொரீசியஸையும் பிரிட்டனையும் வைத்து இதைப் பார்க்கலாம். இந்த இரண்டும் இருநூறு ஆண்டுகளாக ஒன்றோடொன்று வாங்கி விற்கின்றன. அதனால் பாடம் படிக்க இதைவிட நல்ல ஜோடி கிடைப்பது கடினம்.

எதை எண்ணுகிறோம்

நாட்டு எல்லையில் சுங்கத் துறையைக் கடக்கும் பொருள்தான் சரக்கு வணிகத்தில் கணக்கு. மொரீசியஸிலிருந்து பிரிட்டனுக்குப் போகும் சர்க்கரை, டி-ஷர்ட், டின்னில் அடைத்த சூரை மீன் ஒரு பக்கம். பிரிட்டனிலிருந்து மொரீசியஸுக்கு வரும் ஸ்காட்ச் விஸ்கி, இயந்திரங்கள், மருந்து, வலப்பக்க ஸ்டீரிங் வைத்த கார் இன்னொரு பக்கம். முதல் பக்கம் மொரீசியஸின் ஏற்றுமதி, இரண்டாவது அதன் இறக்குமதி. இரண்டையும் கூட்டினால் இருதரப்பு வணிகத்தின் மொத்தத் தொகை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் உபரியோ பற்றாக்குறையோ.

லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்து மொரீசியஸ் கடற்கரையில் பத்து நாள் தங்கிப் போகிற சுற்றுலாப் பயணி செலவழிக்கும் பணம் இதில் வராது. அது சேவை வணிகம். மொரீசியஸ் போன்ற சுற்றுலா நாட்டில் இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம். சரக்குக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு இரு நாட்டு உறவின் மொத்த எடையைச் சொல்லிவிட முடியாது.

ஒவ்வொரு பொருளுக்கும் உலகம் முழுக்கப் பொதுவான ஓர் எண் உண்டு. திருப்பூரிலோ தூத்துக்குடியிலோ ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் அதை எச்.எஸ். கோடு என்பார்கள். 1701 என்றால் சர்க்கரை. 6109 என்றால் டி-ஷர்ட். 1604 என்றால் பதப்படுத்திய மீன். 2208 என்றால் விஸ்கி போன்ற மதுவகை. இந்த எண்கள் இருப்பதால்தான் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் எழுதியதும் லண்டனில் எழுதியதும் ஒரே பொருளைப் பற்றியது என்று ஒப்பிட முடிகிறது.

அந்தப் பட்டியலில் எதிர்பாராத ஒரு வரியும் இருக்கிறது: உயிருள்ள விலங்குகள். மருத்துவ ஆராய்ச்சிக்காக வளர்க்கும் நீளவால் குரங்குகளை மொரீசியஸ் ஏற்றுமதி செய்கிறது, பிரிட்டனும் வாங்குகிறது. எனக்கு அந்த வரியை மனக் கனமில்லாமல் கடந்துபோக முடிவதில்லை. சர்க்கரை, சட்டை, குரங்கு எல்லாவற்றையும் வணிகக் கணக்கு ஒரே பத்தியில் பவுண்டாக மாற்றி எழுதிவிடுகிறது.

ஒரே கப்பல், இரண்டு கணக்கு

புதிதாகப் படிக்கிறவர்களைக் குழப்பும் இடம் இது. மொரீசியஸ் அரசு ‘பிரிட்டனுக்கு இவ்வளவு விற்றோம்’ என்று ஒரு தொகை சொல்லும். பிரிட்டன் ‘மொரீசியஸிடம் இவ்வளவு வாங்கினோம்’ என்று இன்னொரு தொகை சொல்லும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? பெரும்பாலும் இருக்காது.

முதல் காரணம், விலையை எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். போர்ட் லூயிஸில் கப்பலில் ஏற்றி முடிக்கும்போது நூறு டன் சர்க்கரையின் விலை 60,000 பவுண்டு. இதுதான் எஃப்.ஓ.பி. விலை. ஏற்றுமதியை இந்த விலையில்தான் எழுதுவார்கள். கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்து 6,000 பவுண்டு என்று வையுங்கள். லண்டனில் இறங்கும்போது அதே சர்க்கரையின் மதிப்பு 66,000. இது சி.ஐ.எஃப். விலை. இறக்குமதியைப் பெரும்பாலான நாடுகள் இந்த விலையில் எழுதுகின்றன. ஒரு மூட்டைகூடக் காணாமல் போகவில்லை. ஆனால் ஏட்டில் 6,000 பவுண்டு வித்தியாசம். தீவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு இந்த இடைவெளி பெருகும்.

இரண்டாவது, காலம். டிசம்பர் கடைசியில் கிளம்பும் கப்பல் அடுத்த ஆண்டில்தான் போய்ச் சேரும். ஏற்றுமதி ஒரு ஆண்டுக் கணக்கில், இறக்குமதி மறு ஆண்டுக் கணக்கில்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் சுவையானது: வழியில் இருக்கும் ஊர். ஸ்காட்லாந்தில் காய்ச்சிய விஸ்கி துபாயில் உள்ள ஒரு கிடங்குக்குப் போய், அங்கிருந்து மொரீசியஸ் வந்தால் என்ன செய்வது? பிரிட்டன் தன் ஏட்டில் அதை அமீரகத்துக்கு விற்றதாக எழுதியிருக்கலாம். மொரீசியஸ் சுங்க அதிகாரி பாட்டிலைப் பார்த்து, செய்த நாடு பிரிட்டன் என்று எழுதுவார். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1992இல் தொடங்கிய வரியில்லா வணிக மண்டலம் ஒன்று மொரீசியஸிலேயே இயங்குகிறது. வெளிநாட்டுப் பொருள் அங்கே வந்து, பிரித்து அடுக்கப்பட்டு, மறுபடி கப்பல் ஏறும். அதனால் ஒரு நாடு ஏற்றுமதி செய்தது என்பதும் அந்த நாட்டில் விளைந்தது என்பதும் ஒன்றல்ல. மொரீசியஸின் புள்ளிவிவரத் துறை உள்நாட்டு ஏற்றுமதியையும் மறு ஏற்றுமதியையும் தனித்தனியாகவே காட்டுகிறது.

ஆகவே இரண்டு நாட்டு எண்களும் பொருந்தவில்லை என்றால் உடனே மோசடி என்று நினைக்க வேண்டியதில்லை. யார் எண்ணியது, எந்த விலையில் எண்ணியது, எந்த நாட்டின் பெயரில் எழுதியது என்ற மூன்று கேள்வியைக் கேட்டாலே பெரும்பாலான வித்தியாசம் புரிந்துவிடும்.

கதவும் அதன் சாவியும்

‘இருதரப்பு’ என்ற சொல் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் பேரத்தை மனதில் கொண்டுவருகிறது. மொரீசியஸ் சர்க்கரையின் கதையைப் படித்தால் அந்தப் படம் கலைந்துவிடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்றாவதாக ஒருவர் வந்து நிற்கிறார்.

தீவுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் டச்சுக்காரர்கள், 1639இல். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். 1810இல் பிரிட்டன் பிடித்தது. ஆனால் பிடித்த உடனே சர்க்கரை பெருகிவிடவில்லை. பிரிட்டனுக்குள் நுழைய மொரீசியஸ் சர்க்கரை, மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைவிட அதிகத் தீர்வை, அதாவது இறக்குமதி வரி, கட்ட வேண்டியிருந்தது. 1825இல் பிரிட்டன் இந்த வித்தியாசத்தை நீக்கியது. அவ்வளவுதான். மண் மாறவில்லை, மழை மாறவில்லை, லண்டனில் ஒரு வரி விகிதம் மாறியது. தீவு முழுக்கக் கரும்பு படர்ந்தது.

அந்தக் கரும்பை வெட்டியவர்கள் முதலில் அடிமைகள். 1835இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். அடுத்து வந்த எண்பது சொச்சம் ஆண்டுகளில் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் போர்ட் லூயிஸில் இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழர்களும் அதில் உண்டு. அவர்கள் இறங்கிய ஆப்பிரவாசி காட் படித்துறை 2006 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பதன் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. தீர்வை என்பது காகிதத்தில் இருக்கும் ஒரு சதவீதம் என்று யாராவது சொன்னால் நான் இந்தப் படித்துறையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

1846இல் பிரிட்டன் எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் படிப்படியாக ஒரே தீர்வை என்று முடிவெடுத்தது. மொரீசியஸின் சலுகை கரைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதன் சர்க்கரை பெருமளவு இந்தியாவுக்கே வந்துகொண்டிருந்தது. 1919இல் பிரிட்டன் தன் பேரரசுக்குள் விளைந்த பொருளுக்கு மறுபடி சலுகை கொடுத்தபோது கப்பல்கள் திரும்ப லண்டனை நோக்கிப் போயின.

1951இல் காமன்வெல்த் சர்க்கரை உடன்பாடு கையெழுத்தானது. இத்தனை டன், இந்த விலை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. 1968 மார்ச் 12 அன்று மொரீசியஸ் விடுதலை பெற்றபோது அதன் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரைதான். ஒரே பயிர், ஒரே பெரிய வாடிக்கையாளர். 1960இல் அடித்த புயல்களில் விளைச்சல் பாதிக்கும் கீழே போயிருந்தது. அப்படிப்பட்ட நாட்டுக்கு விலையாவது நிலையாக இருக்க வேண்டும் என்ற கவலை எவ்வளவு ஆழமாக இருந்திருக்கும்!

1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அத்துடன் பிரிட்டிஷ் சந்தைக் கதவின் சாவி லண்டனிலிருந்து அந்தச் சமூகத்தின் தலைமையிடமான பிரசல்ஸுக்குப் போனது. 1975 பிப்ரவரியில் டோகோவின் தலைநகர் லோமேயில், ஐரோப்பாவுக்கும் மொரீசியஸ் போன்ற நாடுகளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் சர்க்கரைப் பிரிவு ஏறத்தாழ 13 லட்சம் டன் கரும்புச் சர்க்கரையை உறுதியான விலையில் ஐரோப்பா வாங்கும் என்றது. அதில் மொரீசியஸின் பங்கு மட்டும் ஏறத்தாழ 4,91,000 டன். எந்த நாட்டுக்கும் அவ்வளவு கிடைக்கவில்லை. ஐரோப்பிய விலை பல ஆண்டுகள் உலகச் சந்தை விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தது. போர்ட் லூயிஸிலிருந்து கச்சாச் சர்க்கரை கிளம்பும், தேம்ஸ் நதிக்கரையில் சில்வர்டவுனில் இருக்கும் டேட் அண்ட் லைல் ஆலையில் வெள்ளையாகும், பிரிட்டிஷ் தேநீரில் கரையும்.

இப்படிச் சில பேருக்கு மட்டும் வரி இல்லாமலோ குறைத்தோ கதவைத் திறப்பதற்குச் சலுகை நுழைவு என்று பெயர். அளவு குறித்துவிட்டால் அது ஒதுக்கீடு, அதாவது கோட்டா. மொரீசியஸுக்கு இரண்டும் இருந்தன. அந்தக் கூடுதல் வருமானத்தை நாடு வீணாக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1970இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் வந்தது. கரும்பில் சம்பாதித்த உள்ளூர் முதலாளிகளின் பணமும் ஹாங்காங்கிலிருந்து வந்த பணமும் சேர்ந்து ஆடைத் தொழில் வளர்ந்தது. கம்பளி ஆட்டு மந்தைகள் இல்லாத அந்தத் தீவு, உலகின் பெரிய கம்பளிப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களில் ஒன்றாகப் பெயர் எடுத்தது.

சரி, அப்புறம் என்ன ஆனது? ஐரோப்பா தன் சர்க்கரையை மானியத்தோடு உலகச் சந்தையில் தள்ளுகிறது என்று பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. 2005இல் ஐரோப்பா தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் தன் சர்க்கரைக் கொள்கையை மாற்றியது. டன்னுக்கு 523.7 யூரோவாக இருந்த கச்சாச் சர்க்கரையின் உறுதி விலை, படிப்படியாக 335.2 யூரோவுக்கு வந்தது. 36 விழுக்காடு வெட்டு. கால வரம்பில்லாதது என்று எழுதியிருந்த சர்க்கரைப் பிரிவும் 2009 செப்டம்பரோடு முடிந்தது. வழக்குப் போட்டவர்களுக்கு மொரீசியஸ்மேல் எந்தக் கோபமும் இல்லை. இருந்தும் அடி விழுந்தது அங்கேதான்.

அந்த ஆண்டுகளில் தீவு எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கும். கச்சாச் சர்க்கரையை லண்டனுக்கு அனுப்பி, வெளுக்கும் லாபத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவானேன் என்று யோசித்து, சொந்த மண்ணிலேயே சுத்திகரிப்பு ஆலைகள் கட்டினார்கள். மஸ்கொவாடோ, டெமராரா போன்ற நல்ல விலை போகும் சிறப்புச் சர்க்கரைகளில் கவனம் வைத்தார்கள். ஆனால் விலை கொடுக்காமல் இது நடக்கவில்லை. விடுதலைக் காலத்தில் இருபதுக்கும் மேல் இருந்த ஆலைகள் இன்று மூன்று. உற்பத்தி ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. சிறு விவசாயிகள் பலர் கரும்பையே விட்டுவிட்டார்கள்.

பொருளின் பிறப்பிடம்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது சாவி மறுபடி லண்டனுக்கு வந்தது. மொரீசியஸ், சீஷெல்ஸ், ஜிம்பாப்வே மூன்றும் 2019 ஜனவரி 31 அன்று பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2021 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவோடு ஏற்கெனவே இருந்த ஏற்பாடு அப்படியே அறுபடாமல் தொடர வேண்டும் என்பதுதான் நோக்கம். மொரீசியஸின் பொருள் பிரிட்டனுக்குள் வரியில்லாமல் போகும். பதிலுக்கு மொரீசியஸும் பிரிட்டிஷ் பொருளுக்கு வரியைக் குறைக்கும். லோமே காலத்துச் சலுகை ஒருவழிப் பாதை. இது இருவழி.

ஆனால் ‘மொரீசியஸின் பொருள்’ என்று எதைச் சொல்வது? கரும்பில் சிக்கல் இல்லை, மண்ணில் விளைகிறது. டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி அங்கே விளைவதில்லை. வெளிநாட்டு நூலை வாங்கி அங்கே துணியாக்கித் தைத்தால் அது மொரீசியஸ் சட்டையா? துணியையே வாங்கி வெட்டித் தைத்தால் மட்டும்? இதைத் தீர்மானிப்பதுதான் பிறப்பிட விதி. முன்பு ஐரோப்பா இரண்டு கட்ட வேலை உள்நாட்டில் நடக்க வேண்டும் என்று கேட்டது: துணி நெய்வதோ பின்னுவதோ ஒன்று, தைப்பது இன்னொன்று. 2009இல் ஐரோப்பாவோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் தைப்பது ஒன்றே போதும் என்று தளர்த்தினார்கள். ஒரே வாக்கியத் திருத்தம், அது பல தையல் ஆலைகளின் வாழ்வு.

சூரை மீனில் கேள்வி இன்னும் விநோதமாகிறது. நடுக்கடலில் பிடித்த மீனுக்கு ஊர் எது? கரையோரக் கடல் எல்லைக்கு வெளியே பிடித்தால், பிடித்த கப்பல் எந்த நாட்டில் பதிவானது, யாருக்குச் சொந்தம், எந்தக் கொடி என்று பார்ப்பார்கள். மீனை டின்னில் அடைத்த ஊர் மட்டும் போதாது. இந்தியப் பெருங்கடலில் சூரை பிடிக்கும் பெரிய கப்பல்கள் பல ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டுக் கொடி பறக்க ஓடுகின்றன. போர்ட் லூயிஸ் ஆலைகளுக்கு வேண்டிய மீன் முழுவதும் விதிக்குள் அடங்குவதில்லை. ஆகவே ஆண்டுக்கு இத்தனை டன் வரை விதிவிலக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

பற்றாக்குறை பற்றி ஒரு சொல்

மொரீசியஸ் பிரிட்டனிடம் வாங்குவதைவிட பிரிட்டனுக்கு விற்பது நெடுங்காலமாக அதிகம். அதை வைத்து நாடு லாபத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எரிபொருள், அரிசி, இயந்திரம், துணி எல்லாம் சீனா, இந்தியா போன்ற இடங்களிலிருந்து வருகின்றன. பல ஆண்டுகள் அதன் பெட்ரோலும் டீசலும் மங்களூரிலிருந்தே போயின. உலகம் முழுவதோடும் சேர்த்துப் பார்த்தால் சரக்கில் மொரீசியஸுக்குப் பெரிய பற்றாக்குறை. மளிகைக் கடைக்காரரோடு உங்களுக்கு எப்போதும் பற்றாக்குறைதான், சம்பளம் தருகிறவரோடு எப்போதும் உபரிதான். ஒரே ஒரு ஜோடியின் கணக்கு அவ்வளவுதான் சொல்லும்.

வரிசையில் புதியவர்கள்

சலுகையின் மதிப்பு, அது யாருக்கெல்லாம் கிடைக்கவில்லை என்பதில் இருக்கிறது. எல்லோருக்கும் கதவு திறந்துவிட்டால் முன்பு திறந்திருந்தவருக்குத் தனியாக ஒன்றும் மிஞ்சாது. இதைச் சலுகைத் தேய்மானம் என்கிறார்கள். 2021இல் பிரிட்டன், உலகின் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஆண்டுக்கு 2,60,000 டன் கச்சாக் கரும்புச் சர்க்கரைக்கு வரி இல்லை என்ற விதியைக் கொண்டுவந்தது. மொரீசியஸோடு செய்த ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் பிரேசில் சர்க்கரை அந்த வழியாக உள்ளே வர முடியும். மொரீசியஸ் இப்போது பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையும் சிறப்புச் சர்க்கரையும் விற்பதால் அடி நேராக விழவில்லை. கச்சாச் சர்க்கரையையே நம்பியிருக்கும் மற்ற சிறு நாடுகளுக்கு அது பெரிய கவலை.

ஆடையில் இப்போது வரிசைக்கு வருவது நாம். இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று விரிவான வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டனின் பொதுத் தீர்வை டி-ஷர்ட்டுக்கு 12 விழுக்காடு. ஒப்பந்தப்படி இந்திய ஆடைக்கு அது சுழியம். திருப்பூருக்கு இது நீண்ட நாள் எதிர்பார்ப்பு, மகிழ்ச்சியான செய்தி. மொரீசியஸ் ஆலைக்காரருக்கு அதே செய்தி வேறு மாதிரி கேட்கும். அவர் வரியும் சுழியம்தான், அது மாறவில்லை. பக்கத்தில் நிற்கிறவரின் வரிதான் இறங்குகிறது.

மொரீசியஸ் தன் ஆடைத் தொழிலுக்காக இந்தியாவிலிருந்து பருத்தி நூலும் துணியும் வாங்குகிறது. ஆக, இந்தியாவில் நூற்ற நூல் இரண்டு வழியில் லண்டன் கடைக்குப் போகலாம்: திருப்பூரில் சட்டையாகி ஒரு வழி, போர்ட் லூயிஸ் பக்கத்தில் ஓர் ஆலையில் சட்டையாகி இன்னொரு வழி. முதல் வழியில் போனால் மொரீசியஸ்–பிரிட்டன் வணிகக் கணக்கில் அது ஒரு வரியாகக்கூட வராது.